ஈரப் பாறையைத் தொடாதீர்கள்: அப்பலாச்சியன் மலைகளுக்குப் போகும் தமிழ்க் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். ஷார்லட், ராலே, கேரி, கிரீன்வில், அட்லாண்டா என்று பல ஊர்களிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் அப்பலாச்சியன் மலைகளுக்குக் கிளம்பும் தமிழ் மலையேற்றக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். குழுக்களை நடத்தும் அண்ணன்களும் அக்காக்களும் அவசியம் படிக்க வேண்டும். அக்டோபர் பயணங்களுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியிருப்பீர்கள். அதற்கு முன்னால் இது உங்கள் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

நான் கேட்பது ஒன்றுதான். 5,000 அடிக்கு மேலே, மேகம் உரசிப்போகும் உயரத்தில், தண்ணீர் கசிந்து இறங்கும் பாறைச் சுவர்களை நாம் தொட வேண்டாம், மிதிக்க வேண்டாம், அதில் ஒட்டியிருக்கும் எதையும் பிய்க்க வேண்டாம். அந்தப் பாறைகளில் ராக் நோம் லைக்கன் என்ற ஓர் உயிர் வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. வட கரோலினா, டென்னசி, தென் கரோலினா, ஜார்ஜியா, வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களின் மலைகள்தான் அதற்கு எல்லாமே. அதிலும் பெரும்பகுதி, நாம் மாதம் தவறாமல் போய்வரும் வட கரோலினாவின் மேற்கு மலைகளிலும் அதை ஒட்டிய டென்னசி எல்லையிலும்தான் இருக்கிறது.

லைக்கன் என்பது ஒற்றை உயிர் அல்ல என்று பள்ளியில் படித்திருப்போம். பூஞ்சை உடம்பைக் கட்டுகிறது. அதற்குள் குடியிருக்கும் பாசி வெளிச்சத்தை வைத்து உணவு தயாரிக்கிறது. வேர் இல்லை. ஈரத்தைப் பிடித்துவைக்கும் மேல்தோலும் இலைகளுக்கு இருப்பதுபோல் இல்லை. மழை, பனி, கசிவு, எது வந்தாலும் உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். வராவிட்டால் காய்ந்து கிடக்கும். காற்றில் என்ன கலந்திருக்கிறதோ அதுவும் தடையில்லாமல் உள்ளே போய்விடும். மலையில் நடக்கும் எந்த மாற்றமும் முதலில் லைக்கன்களையே பாதிப்பது இதனால்தான்.

ராக் நோம் லைக்கனைப் பார்க்க, பாதையில் நின்றபடியே கண்ணை மட்டும் பாறைக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் திட்டுதான். கிட்டே போனால்தான் அது நெருக்கமாக வளர்ந்த நூற்றுக்கணக்கான சிறு பட்டைகள் என்று தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம். மேல்பக்கம் நீலம் கலந்த சாம்பல். கீழ்ப்பக்கம் பளபளக்கும் வெள்ளை. பாறையைப் பிடித்திருக்கும் அடி மட்டும் கறுத்திருக்கும். பட்டைகள் பாறையோடு படிந்து வளர்ந்து, நுனி மட்டும், கல்லில் ஓரம் எழும்பும் தோசை மாதிரி, பாறையை விட்டு நிமிர்ந்து நிற்கும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை சில நுனிகளில் சின்னச் சின்னக் கறுப்புக் குமிழ்கள் தெரியும். அவைதான் அதன் வித்துகளை உண்டாக்கும் உறுப்புகள். ஆனால் அது பரவுவது பெரும்பாலும் வித்தால் அல்ல. இருக்கும் கூட்டமே அங்குலம் அங்குலமாக, மிக மெதுவாகப் பாறையில் படர்கிறது. எனவே ஒரு திட்டு பெயர்ந்து விழுந்தால் அடுத்த வருடம் அந்த இடம் மறுபடி நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அறிவியல் பெயர் செட்ரடோனியா லினியாரிஸ். 1947-இல் அலெக்சாண்டர் எவன்ஸ் இதை முதலில் விவரித்தபோது கிளடோனியா என்ற பெரிய பேரினத்தில் சேர்த்தார். பிறகு ஜிம்னோடெர்மாவுக்கு மாற்றினார்கள். கடைசியில் 2002-இல் எதனோடும் சேராது என்று தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள். அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது. இது அழிந்தால் கூடவே ஒரு பேரினமும் அழியும்.

இது எங்கே வளரும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வேண்டுகோளின் காரணம் முழுக்க அதில்தான் இருக்கிறது. எல்லா ஈரப் பாறையிலும் இது வராது. எந்நேரமும் தண்ணீர் ஓடும் அருவிப் பாறை ஆகாது. ஈரமே காணாத காய்ந்த பாறையும் ஆகாது. மேலே காட்டு மண்ணில் ஊறிய நீர், நல்ல மழைக்காலத்தில் மட்டும் பாறைச் சுவரின் வழியாகக் கசிந்து இறங்கும் தடங்கள் இருக்கின்றன பாருங்கள், அங்கேதான் இதற்குப் பிடிக்கும். மற்ற நாட்களில் மேகமும் மூடுபனியும் வந்து நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும், ஆனால் சுடும் வெயில் கூடாது. வடக்கு பார்த்த பாறையில் திறந்த இடத்திலும் தாக்குப்பிடிக்கும். தெற்கு, மேற்கு பார்த்த பாறை என்றால் மேலே மரநிழல் கொஞ்சமாவது இருந்தே ஆக வேண்டும். இவ்வளவும் ஒரே இடத்தில் கூடிவருவது அபூர்வம். அதனால்தான் பல கூட்டங்கள் ஒரு மீட்டர் அளவைக்கூடத் தாண்டுவதில்லை. உங்கள் வீட்டுக் கதவின் பாதி அளவுள்ள ஒரு பாறை முகத்தில் ஒரு கூட்டம் முழுவதும் அடங்கிவிடும்.

அந்த இடத்தை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. அதே கசிவுத் தடங்களில் ஆண்ட்ரியா என்ற பாசிச்செடியும் வளரும். செம்பழுப்பு நிறம். தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். செங்குத்தான பாறையில் செம்பழுப்புத் திட்டுகளும் ஈரத் தடமும் சேர்ந்து தெரிந்தால், அதன் பக்கத்தில் ராக் நோம் லைக்கன் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு விலகி நில்லுங்கள். ஆராய்ச்சியாளர்களே பாறைகளில் இதைத் தேடிப்போக அந்த நிறத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இனி நிழலின் கதைக்கு வருகிறேன்.

இந்த உயரத்துப் பாறைகளுக்குக் காலங்காலமாக நிழல் கொடுத்தவை ஃப்ரேசர் ஃபர் மரங்கள். டிசம்பரில் நம்மில் பலர் வாடகைக்கு டிரக் எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போய் வெட்டிவந்து, வரவேற்பறையில் விளக்குக் கட்டி வைக்கிறோமே, வட கரோலினாவின் அந்தக் கிறிஸ்துமஸ் மரங்கள் பெரும்பாலும் இதே இனம்தான். பண்ணைகளில் அது லட்சக்கணக்கில் வளர்கிறது. இயற்கையாக வளரும் ஃப்ரேசர் ஃபர் தெற்கு அப்பலாச்சியனின் சில உச்சிகளில் மட்டுமே உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பூச்சி, அசுவினிக்கு உறவு, உடம்பைச் சுற்றிப் பஞ்சுபோல் வெள்ளை மெழுகு சுற்றிக்கொண்டு பட்டையில் ஒட்டி உறிஞ்சும். பால்சம் வுல்லி அடெல்ஜிட் என்று பெயர். 1957-இல் மவுண்ட் மிட்செலில் அது இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயரமான உச்சி அதுதான், 6,684 அடி. அங்கிருந்து மற்ற மலைகளுக்கும் பரவி, முதிர்ந்த ஃபர் மரங்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்துவிட்டது. இன்றைக்கும் மவுண்ட் மிட்செலிலும் ஸ்மோக்கி மலைகளின் குவோஹியிலும் (2024 செப்டம்பர் வரை கிளிங்மன்ஸ் டோம் என்று அழைத்த அதே உச்சிதான்) வெளுத்து நிற்கும் கட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். காட்சி அழகாக இருக்கிறது என்று படம்கூட எடுத்திருப்போம். ஆனால் பாறைக்கு அது நிழலை இழந்ததன் அடையாளம். மேலே மண் காய்ந்தால் கசிவு குறையும். வெயில் நேராக விழும். நூறாண்டு நிழலில் பழகிய கூட்டம் ஒரு சில கோடைகளில் வெளுத்துக் கருகிப்போகும்.

கொஞ்சம் கீழே, ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் சில கூட்டங்கள் உண்டு. அங்கே மேகம் இல்லாத குறையைப் பள்ளத்தாக்கின் ஈரம் ஈடுகட்டுகிறது. அங்கே நிழல் தருபவை ஹெம்லாக் மரங்கள். அவற்றுக்கும் ஜப்பானிலிருந்து வந்த இன்னொரு அடெல்ஜிட் பூச்சி எமனாக வந்திருக்கிறது. 2002-இல் அது ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்துவிட்டது. பூங்கா ஊழியர்கள் மரம் மரமாக மருந்து செலுத்தி ஓரளவு காப்பாற்றி வருகிறார்கள். அப்புறம் 2024 செப்டம்பர் கடைசியில் வந்த ஹெலீன் புயல். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் குழுக்களே ஆஷ்வில் பக்கம் தண்ணீரும் போர்வையும் கொண்டுபோனோம். வீடுகளையும் சாலைகளையும் மட்டுமா அந்தக் காற்று சாய்த்தது, மலைச்சரிவுகளில் காட்டையும்தானே. மேலே மரம் சாய்ந்த ஒவ்வொரு பாறையும் இப்போது வெயிலில் நிற்கிறது.

காற்றின் பங்கும் இருக்கிறது. இந்த உச்சிகளில் வருடத்தில் பெரும்பகுதி மேகம்தான். அனல்மின் நிலையங்களும் வாகனங்களும் விட்ட கந்தக, நைட்ரஜன் புகை அந்த மேகத்தில் கரைந்து அமிலமாகப் பாறையில் படிந்தது. 1990-இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்திய பிறகு அது நன்றாகவே குறைந்திருக்கிறது. இந்தக் கதையில் நமக்குக் கிடைத்த ஒரு நல்ல செய்தி அது. ஆனால் வெப்பம் கூடிக்கொண்டே போகிறது. கீழே வாழும் ஒரு செடிக்குச் சூடு தாங்காவிட்டால் தலைமுறை தலைமுறையாக மலை ஏறலாம். ஏற்கனவே உச்சியில் இருப்பது எங்கே ஏறும்?

பூச்சியையும் மேகத்தையும் வெப்பத்தையும் இந்த மடலைப் படிப்பவர்களால் வரும் சனிக்கிழமைக்குள் மாற்ற முடியாது. நம் கால்களை மாற்ற முடியும். 1995 ஜனவரி 18-இல் அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்த் துறை இந்த லைக்கனை அழியும் நிலையில் உள்ள உயிராக அறிவித்தது. அழியும் உயிர்களுக்கான 1973-ஆம் வருடச் சட்டத்தில் இடம்பெற்றவை இரண்டே லைக்கன்கள். ஒன்று இது, இன்னொன்று ஃபுளோரிடாவின் மணல்மேட்டு லைக்கன். அந்த அறிவிப்பில் ஆபத்துகளைச் சொல்லும்போது, மலையேறுபவர்களும் பாறை ஏறுபவர்களும் வேடிக்கை பார்க்க வருபவர்களும் மிதிப்பதும் உரசுவதும் தெளிவாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த வரி நம்மைப் பற்றியதுதான்.

எனக்குத் தெரிந்த நம் பழக்கங்களைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பது, நாற்பது பேராகப் போகிறோம். காட்சிமுனையில் எல்லாரும் ஒரே படத்தில் வர வேண்டும் என்பதற்காகப் பாதையின் ஓரத்துப் பாறையில் மூன்று வரிசையாக ஏறி நிற்கிறோம். பின்வரிசைக்காரர்கள் கையால் பிடித்துக்கொள்வது அந்த ஈரச் சுவரைத்தான். பிள்ளைகளுக்குப் பாறை என்றால் ஏற வேண்டும். நாமும் கீழே நின்று கைதட்டி உற்சாகப்படுத்துகிறோம். வளைந்து போகும் பாதையில் நேரம் மிச்சம் என்று குறுக்கே இறங்குகிறோம். ஒவ்வொருவர் செய்வது சின்ன விஷயம்தான். ஆனால் ஓர் அக்டோபர் சனிக்கிழமை ஒரே பாறையில் எத்தனை குழுக்கள் நின்று படம் எடுக்கின்றன என்று பாருங்கள். வருடத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் வளரும் ஓர் உயிருக்கு அத்தனை கைகளையும் செருப்புகளையும் தாங்க முடியாது. ஈரப் பாறை சறுக்கும் என்பதும் பிள்ளைகளின் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டிய விஷயம். அதைக் காரணமாகச் சொன்னால் சிலர் இன்னும் சீக்கிரம் கேட்பார்கள் என்றால் அப்படியே சொல்லுங்கள்.

இன்னொன்று நமக்கே உரிய ஆபத்து. கல்பாசி. நம் மசாலாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். அதனால் பாறையில் சுருண்டு நிற்பதைப் பார்த்ததும், "அட, நம்ம கல்பாசி!" என்று பிய்த்து மோந்து பார்க்கும் கை நம் கூட்டத்தில் எப்போதும் ஒன்றாவது இருக்கும். இந்த மலைகளில் அப்படிப் பெரும்பாலும் கையில் சிக்குவது அம்பிலிகேரியா என்ற ராக் டிரைப். தோல்போல் தடித்த பழுப்பு இலை, கீழே கறுப்பு, நடுவில் ஒரே ஒரு புள்ளியால் பாறையோடு ஒட்டியிருக்கும். அது அபூர்வமானது அல்ல. ஆனாலும் எதையும் பிய்க்காதீர்கள் என்கிறேன். தேசியப் பூங்காவுக்குள் செடியோ லைக்கனோ எடுப்பதே குற்றம். மத்திய அரசு நிலத்திலிருந்து அழியும் நிலையில் உள்ள ஓர் உயிரை எடுத்தால் அதைவிடப் பெரிய குற்றம். சட்டத்தை விடுங்கள், எது சாதாரணம், எது அபூர்வம் என்று பாறையின் முன் நின்று ஒரு பார்வையில் சொல்ல நம்மில் யாராலும் முடியாது. கல்பாசி மளிகைக் கடையில் கிடைக்கிறது. பாறையில் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

அதேபோல் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். யாராவது உண்மையிலேயே இதை அடையாளம் கண்டுவிட்டால் சந்தோஷம் தாங்காது. படத்தோடு, வரைபடப் புள்ளியோடு குழுவில் பகிரத் தோன்றும். வேண்டாம். 1995-இல் இதைப் பட்டியலில் சேர்த்தபோது, வழக்கமாகச் செய்வதுபோல் வாழிடத்தை வரைபடமாக வெளியிடுவதையே துறை தவிர்த்தது. இடம் தெரிந்தால் சேகரிப்பாளர்கள் வந்து எடுத்துப்போவார்கள் என்ற பயம்தான் காரணம். இந்த மடலிலும் எந்தப் பாதை, எந்தப் பாறை என்று நான் எழுதாதது அதனால்தான். பார்த்தால் பூங்கா ரேஞ்சரிடம் சொல்லுங்கள். அவருக்குத்தான் அந்தத் தகவல் பயன்படும்.

"ஒரு விரல் அகலப் பாசிக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். என் பதில் இது. அந்தப் பாறை முகம் ஒரு உயிருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. அதே உச்சிகளில், ஃபர் நிழலில் கல்லின்மேல் படர்ந்த பாசி மெத்தைக்குள், மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டுமே வளரும் ஒரு சிலந்தி இருக்கிறது. ஸ்ப்ரூஸ் ஃபர் மாஸ் ஸ்பைடர் என்பார்கள். அதையும் 1995 பிப்ரவரியில் அழியும் நிலைப் பட்டியலில் சேர்த்தார்கள். பாறை விளிம்பில் ஸ்ப்ரெடிங் ஏவன்ஸ் என்ற மஞ்சள் பூச்செடி நிற்கிறது. அதுவும் பட்டியலில் இருப்பதுதான். மூன்றுக்கும் பொதுவாக வேண்டியது ஒன்றுதான்: மிதிபடாத பாறை. லைக்கனுக்காக நீங்கள் விலகி நின்றால் மற்ற இரண்டுக்கும் சேர்த்தே விலகி நிற்கிறீர்கள்.

என் மனத்தில் இருக்கும் இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நாம் இந்த மண்ணுக்கு வேலைக்காக வந்தோம். பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்கிறார்கள். அவர்களுக்கு இது வந்த ஊர் இல்லை, சொந்த ஊர். சொந்த ஊர் மலையில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிர் இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது நம் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன். பத்து டாலருக்கு ஒரு கைலென்ஸ் கிடைக்கிறது. பாதையோர மரப்பட்டையில், வேலிக்கட்டையில் இருக்கும் சாதாரண லைக்கனை அதில் காட்டுங்கள். ஏறுவதைவிடப் பார்ப்பதில் ருசி கண்ட பிள்ளை பாறையை மிதிக்காது.

குழுவை நடத்துபவர்களிடம் தனியாகச் சில விஷயங்கள். உயரமான மலைகளுக்குப் போகும்போது கூட்டத்தைப் பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து, அரை மணி இடைவெளியில் அனுப்புங்கள். குழுப் படத்தைப் பார்க்கிங்கிலோ மரத்தளம் போட்ட காட்சிமுனையிலோ எடுத்துவிடுங்கள். பாறையில் பெயர் கீறுபவரைப் பார்த்தால், நம் ஆளாக இருந்தாலும், வயதில் பெரியவராக இருந்தாலும், அந்த இடத்திலேயே சொல்லுங்கள். புயலுக்குப் பிறகு மூடியிருக்கும் பாதைகளில் தடுப்பைத் தாண்டிப் போகாதீர்கள். சாய்ந்த காட்டில் புதுப் பாதை போடும் ஒவ்வொரு காலும் மேல்மண்ணைக் கரைத்துக் கீழே இருக்கும் கசிவை மாற்றிவிடும். நேரம் இருப்பவர்கள் பாதை பராமரிப்புக்கும் ஹெம்லாக் மரங்களைக் காக்கும் வேலைக்கும் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். புயலில் உதவிய கைகள் நம்மிடம் இருக்கின்றன.

கடைசியாக, பயண அழைப்பை வாட்ஸ்அப்பில் போடும்போது தண்ணீர், ஜாக்கெட், மதியச் சாப்பாடு என்ற பட்டியலுக்குக் கீழே இதையும் அப்படியே ஒட்டிவிடுங்கள்:

"மலை உச்சியில் ஈரம் கசியும் பாறைகளில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத லைக்கன் இருக்கிறது. பாதையை விட்டு இறங்க வேண்டாம். பாறையில் கை, கால் வைக்க வேண்டாம். எதையும் பிய்க்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்."

அன்புடன்,
உங்களோடு மலையேறும் ஒருத்தி